மனசு கேட்கவில்லை: அறம், உணர்ச்சி, அறிவு பற்றி எங்கள் மலையில் கேட்கும் கேள்விகள்

நான் கொடைக்கானல் பக்கம், பழனி மலைத் தொடரில் இருக்கும் பண்ணைக்காட்டில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் நூலகத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். காப்பித் தோட்டக்காரர்கள், கல்லூரிக்குப் போகும் பெண்கள், ஒரு பஸ் கண்டக்டர், மலைவாழை வியாபாரி ஒருவர். ஒரு வருடமாகச் சுற்றிச் சுற்றி ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறோம்: நல்லது கெட்டதைத் தீர்மானிப்பது மனசா, புத்தியா? அடிக்கடி வந்த கேள்விகளையும், அங்கே நான் சொன்ன பதில்களையும், வீட்டுக்கு வந்து யோசித்துத் திருத்திக்கொண்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நல்லது எதுவென்று எல்லோருக்கும் தெரியாதா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன வருடம் ஒரு காட்டு மாட்டுக் கன்று தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. அரை மணி நேரத்தில் ஊரே அங்கே கூடிவிட்டது. கயிறு வந்தது, பலகை வந்தது. தொட்டிச் சுவரில் ஒரு பக்கத்தை உடைத்துக் கன்றை வெளியே விட்டார்கள். கன்று காட்டுக்குள் ஓடியபோது எல்லோரும் கை தட்டினோம். எனக்குக் கண்ணில் தண்ணீர்.

அதே வாரம் அந்தக் கன்றின் மந்தை ஒரு பாட்டியின் பீன்ஸ் தோட்டத்தை முழுக்க மிதித்துத் தீர்த்திருந்தது. பாட்டி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அங்கே போய் நின்றவர்கள் மூன்று பேர். அந்த மூன்றில் நான் இல்லை.

கன்றைக் காப்பாற்றியதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஒரு இடத்தில் பொங்கிய மனசு இன்னொரு இடத்தில் ஏன் சும்மா இருந்தது? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய புத்தகங்களைத் தூசி தட்ட வைத்தது.

தத்துவவாதிகள் யார் பக்கம்?

இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். பிளேட்டோ ஆன்மாவை ஒரு தேராகச் சொன்னார். குதிரைகள் இரண்டு, ஒன்று சாது, ஒன்று முரடு. கடிவாளம் அறிவின் கையில். ரொம்ப காலம் இந்தப் படம்தான் எல்லோர் மனதிலும் இருந்தது.

ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூம் இதைத் தலைகீழாக்கினார். 1739இல் தொடங்கி வெளிவந்த நூலில், அறிவு உணர்ச்சிகளுக்கு அடிமை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்று எழுதினார். அப்போது அவருக்கு இருபதுகளின் கடைசி. அவர் வாதத்தை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். இன்று ராத்திரி உறைபனி விழும் என்று ஒருவர் சொல்கிறார். அது வெறும் தகவல். உருளைக்கிழங்கு போட்டவன் எழுந்து ஓடுகிறான், போடாதவன் போர்வையை இழுத்துக்கொள்கிறான். தகவல் இருவருக்கும் ஒன்றுதான். ஓட வைத்தது தகவல் அல்ல, செடி கருகிவிடுமே என்ற பதைப்பு. அறிவு வழி காட்டும், காலைத் தூக்கி வைக்க வைப்பது வேறு ஒன்று என்பது ஹியூமின் கட்சி.

ஜெர்மனியின் இம்மானுவேல் காண்ட் இதை ஏற்கவில்லை. உணர்ச்சி இன்று இருக்கும், நாளை இருக்காது. பிடித்தவனிடம் பெருகும், பிடிக்காதவனிடம் வற்றும். எல்லோருக்கும் எப்போதும் பொருந்த வேண்டிய அறத்தை அதன்மேல் கட்ட முடியாது என்றார்.

அப்படியானால் காண்ட் கல்நெஞ்சுக்காரரா?

கல்லூரிப் பெண்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. 1785இல் காண்ட் ஒரு மனிதனைக் காட்டுகிறார். இயல்பிலேயே இரக்கமுள்ளவன், ஆனால் இப்போது தன் துக்கத்தில் மூழ்கிக் கிடக்கிறான். பிறர் கஷ்டம் அவனைத் தொடவே இல்லை. அந்த மரத்துப்போன நிலையிலும், உதவுவது கடமை என்பதற்காக எழுந்துபோய் உதவுகிறான். இந்தச் செயலுக்குத்தான் உண்மையான அற மதிப்பு என்கிறார் காண்ட்.

கேட்டவுடன் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. ஆனால் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை ஏழு வருடமாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் எங்கள் கூட்டத்தில் இருக்கிறாள். அவள் சொன்னாள்: "முதல் ஆறு மாசம் பாசத்துல பண்ணேன் டீச்சர். அப்புறம் பாசம்லாம் வரல, ஆனாலும் பண்றேன்." அன்றைக்குத்தான் எனக்குக் காண்ட் புரிந்தார்.

இன்னொன்று, பலர் சொல்லாமல் விடுவது. 1797இல் அவரே எழுதினார்: ஏழைகள் இருக்கும் இடங்களையும் நோயாளிகள் கிடக்கும் அறைகளையும் கடன்காரர் சிறைகளையும் தவிர்த்துக்கொண்டு நடக்கக் கூடாது, போய்ப் பார்க்க வேண்டும். இரக்கம் வளர வேண்டும் என்பதற்காகவே. கல்நெஞ்சுக்காரர் சொல்லும் யோசனையா இது?

உணர்ச்சியே இல்லாமல் சுத்த அறிவோடு ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும்?

இதற்கு மருத்துவம் பதில் வைத்திருக்கிறது. அந்தோனியோ டமாசியோ என்ற நரம்பியல் மருத்துவர் 1994இல் எழுதிய நூலில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறார். நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பகுதியில் அடிப்பக்கம் சேதம். புத்திசாலித்தனம் அப்படியே இருக்கிறது, உணர்ச்சி மட்டும் மங்கிப்போனது. உறைபனியில் வழுக்கும் சாலையில் அவர் காரோட்டி வந்தார். முன்னால் போன வண்டி சறுக்கிச் சுழன்றபோதும் பிரேக்கை மிதிக்காமல் நிதானமாகக் கடந்துவிட்டார். இங்கே மூடுபனியில் கொண்டை ஊசி வளைவு திரும்புகிறவர்கள் பொறாமைப்படும் நிதானம்.

மறுநாள் டாக்டர், அடுத்து எப்போது வருகிறீர்கள் என்று இரண்டு தேதிகளைச் சொல்லிக் கேட்டார். அந்த மனிதர் டைரியைப் பிரித்தார். இந்தத் தேதிக்கு இந்த வேலை, அந்தத் தேதிக்கு அந்த வேலை, மழை வந்தால் இப்படி என்று கிட்டத்தட்ட அரை மணி நேரம் காரணங்களை அடுக்கினார். முடிவுக்கு மட்டும் வரவில்லை. டாக்டரே பொறுமை இழந்து, இரண்டாவது தேதியில் வாருங்கள் என்றதும், "சரி" என்று எழுந்துவிட்டார்.

காரணம் தேடுவதை எங்கே நிறுத்துவது என்று காரணத்துக்குத் தெரியாது. "போதும்" என்று உள்ளே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் பலரும் பினியஸ் கேஜை இழுப்பார்கள். 1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில், ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும்போது இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்தும் பிழைத்தவர். அதன் பிறகு குணமே மாறிப்போனார் என்பது கதை. ஆனால் அவர் பின்னாளில் சிலி நாட்டில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். பொறுப்பில்லாத ஆளிடம் ஆறு குதிரையை யார் கொடுப்பார்கள்? அதனால் நான் அவரை உதாரணமாகச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ரயில் தண்டவாளக் கேள்வி என்கிறார்களே, அது என்ன?

கட்டுப்பாடு இழந்த டிராம் வண்டி ஒன்று வருகிறது. தண்டவாளத்தில் ஐந்து பேர். நீங்கள் வண்டியை வேறு தடத்தில் திருப்பினால் ஐந்து பேரும் பிழைப்பார்கள், அந்தத் தடத்தில் நிற்கும் ஒருவர் சாவார். திருப்பலாமா? 1967இல் பிலிப்பா ஃபுட் என்ற தத்துவவாதி எழுப்பிய கேள்வி. 1976இல் ஜூடித் தாம்சன் என்ற இன்னொரு தத்துவவாதி அதை வேறு மாதிரி கேட்டார்: நீங்கள் பாலத்தின்மேல் நிற்கிறீர்கள், பக்கத்தில் ஒரு பருமனான ஆள். அவரைக் கீழே தள்ளினால் வண்டி நிற்கும். தள்ளலாமா?

இரண்டிலும் ஒரு உயிருக்கு ஐந்து உயிர் என்ற கணக்குதான். ஆனால் முதலாவதற்குச் சரி என்கிறவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதற்கு முகம் சுளிக்கிறார்கள். எங்கள் கண்டக்டர் ஒரே வரியில் சொன்னார்: "மெஷின்ல கை வைக்கறது வேற டீச்சர், ஆளு மேல கை வைக்கறது வேற."

2001இல் ஜோஷுவா கிரீன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் இந்தக் கேள்விகளைக் கேட்டு மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஆள் மேல் கை வைக்கும் வகைக் கேள்விகளின்போது உணர்ச்சியோடு தொடர்புள்ள பகுதிகள் அதிகம் வேலை செய்தன. 2007இல் வேறொரு குழு, டமாசியோ சொன்ன அதே பகுதியில் சேதமுள்ள ஆறு பேரிடம் கேட்டது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக "தள்ளலாம்" என்றார்கள்.

இதிலிருந்து சிலர், தள்ளாதே என்று சொல்வது வெறும் உணர்ச்சி, கணக்குப் போடுவதே அறிவு என்று தாவிவிடுகிறார்கள். நான் தாவ மாட்டேன். ஸ்கேன், எந்த எண்ணம் எங்கே ஓடுகிறது என்று காட்டும். எது சரி என்று காட்டாது. பக்கத்தில் நிற்கும் மனிதனைக் கருவியாக்கத் தயங்குவதும் ஓர் அறிவு. நம் முன்னோர் பட்டுத் தெரிந்துகொண்டது உணர்ச்சியாக நம்மில் தங்கியிருக்கலாம்.

முதலில் முடிவு எடுத்துவிட்டு, காரணம் அப்புறம்தான் தேடுகிறோம் என்கிறார்களே?

இது அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஹைட்டின் வாதம். அவரும் இரண்டு பேரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கதை வருகிறது. வண்டியில் அடிபட்டுச் செத்த தங்கள் வளர்ப்பு நாயை ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டது. யாரும் பார்க்கவில்லை. இது தப்பா? பிரேசிலிலும் அமெரிக்காவிலும் கேட்டார்கள். வசதியான படித்தவர்களில் பலர், அருவருப்புதான், ஆனால் தப்பில்லை என்றார்கள். ஏழைகளில் பலர் தப்பு என்றார்கள். யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால் பதில் சொல்லத் திணறினாலும் நிலையை விடவில்லை.

நான் இதை எங்கள் கூட்டத்தில் கேட்டேன். காப்பியைக் கீழே வைத்துவிட்டார்கள்! ஏன் தப்பு என்றதற்கு ஒருவர் நோய் வரும் என்றார். நன்றாக வேகவைத்தார்கள் என்றேன். குழந்தைகள் பயப்படும் என்றார். குழந்தையே இல்லை என்றேன். கடைசியில், "அது வீட்டு நாய் டீச்சர்" என்றார். அதற்கு மேல் அவரிடம் காரணம் இல்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

ஹைட் இதற்கு ஒரு உவமை சொல்கிறார்: உணர்ச்சி யானை, அறிவு மேலே உட்கார்ந்திருக்கும் பாகன். யானை போன திசைக்குப் பாகன் நியாயம் கற்பிக்கிறான். கே.சி.பட்டி, தாண்டிக்குடிப் பக்கம் யானையோடு வாழ்கிறவர்களுக்கு இந்த உவமை பாதிதான் செல்லும். யானை மூடப் பிராணி அல்ல. தண்ணீர் எங்கே, எந்தப் பாதையில் மின்வேலி என்பதெல்லாம் அதற்கு நினைவிருக்கும். பாகனோடு பழகிய யானை அவன் குரலுக்குத் திரும்பவும் செய்யும். ஹைட்டும் இதை ஒரேயடியாக மறுக்கவில்லை. தனியாக யோசித்து மனதை மாற்றிக்கொள்வது அபூர்வம், பிறர் பேசக் கேட்டு மாறுவது அதிகம் என்கிறார். நாங்கள் நூலகத்தில் கூடுவது அதற்காகத்தானே.

உணர்ச்சி மாறுமா? பிறந்தபோது வந்தது அப்படியேதானே இருக்கும்?

மாறும். என் உதாரணம் சீகை மரம், ஆங்கிலத்தில் வாட்டில் என்பார்கள். கொடைக்கானல் பக்கம் சீகையை வெட்டுவதை முதலில் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மரத்தை வெட்டுகிறார்களே! அப்புறம் ஒருவர் விளக்கினார். அந்த மேடுகள் ஆதியில் புல்வெளி. ஆஸ்திரேலியச் சீகையும் யூகலிப்டஸும் பைனும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. புல்வெளி போனால் மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைக்கு விடும் தரையும் போகும். இப்போது சீகை பரவிய மேட்டைப் பார்த்தால் எனக்குப் பசுமையாகத் தெரிவதில்லை. கண்ணை உறுத்துகிறது. தகவல் என் உணர்ச்சியை மாற்றிவிட்டது, ஹியூம் ஐயா கவனிக்கவும்.

உடனே எல்லாவற்றையும் வெட்டு என்று கிளம்பினேன். சீகையின் நிழலிலேயே சில இடங்களில் இந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரக்கன்றுகள் திரும்ப முளைக்கின்றன, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெட்டக் கூடாது என்று அதே மனிதர் அடக்கினார்.

குழந்தைகளுக்கு அறம் எப்படி வருகிறது? நாம் சொல்லிக்கொடுத்துத்தானே?

நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. யூனிஃபார்ம் போடாமல் வருவது தப்பா என்றால் குழந்தை தப்பு என்கிறது. டீச்சர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால்? அப்போது தப்பில்லை. பக்கத்துப் பையனை அடிப்பது? தப்பு. டீச்சர் பரவாயில்லை என்று சொன்னால்? அப்பவும் தப்பு, அவனுக்கு வலிக்கும். எலியட் டூரியல் என்ற உளவியலாளரும் அவர் வழி வந்தவர்களும் மூன்று நான்கு வயதிலேயே இந்த வித்தியாசம் தெரிகிறது என்று காட்டினார்கள். நானும் ஒன்றாம் வகுப்பில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் குழந்தை, "நீங்க ஏன் டீச்சர் அப்படிச் சொல்றீங்க?" என்று என்னையே முறைத்தது.

அறம் படிப்படியாக அறிவில் ஏறுகிறது என்றார் உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க். அவருடைய முதல் ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் பையன்கள். உறவையும் அக்கறையையும் வைத்து யோசிப்பது கீழ்ப்படி ஆகிவிடாது என்று 1982இல் கேரல் கில்லிகன் மறுத்தார்.

நல்ல மனசும் இருக்கிறது, புத்தியும் இருக்கிறது. அப்புறமும் ஏன் சறுக்குகிறோம்?

நேரம் இல்லாததால். சிரிக்காதீர்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு மாணவர்கள் 40 பேரை வைத்து நடந்த ஒரு சோதனை 1973இல் வெளியானது. ஒரு சிற்றுரை ஆற்றப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போக வேண்டும். வழியில் ஒருவர் வாசலில் சரிந்து இருமிக்கொண்டு கிடக்கிறார். அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். மொத்த மாணவர்களில் பாதிப் பேர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை!

எனக்கும் நடந்தது. வத்தலக்குண்டில் மதுரை பஸ்ஸைப் பிடிக்க ஒரு ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவில் ஒரு பையன் பைக்கோடு விழுந்து எழுந்து உட்கார்ந்திருந்தான். டிரைவர் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தார். நான் வாட்சைப் பார்த்தேன். ஜீப் போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் நிறுத்தினார்கள் என்று கண்ணாடியில் பார்த்துச் சமாதானப்பட்டுக்கொண்டேன். இன்றைக்கும் அந்த வளைவு வந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.

ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்தால் பணம் போடுகிறோம், லட்சம் பேர் பட்டினி என்றால் பக்கத்தைத் திருப்புகிறோம். ஏன்?

2007இல் ஒரு ஆய்வு வந்தது. கையில் ஐந்து டாலர் கொடுத்து, ஒரு பகுதியினரிடம் மாலி நாட்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் கதையைச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரிடம் ஆப்பிரிக்காவில் பசியால் வாடும் லட்சக்கணக்கானவர்களின் புள்ளிவிவரம். சிறுமிக்கு இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தது. அதைவிட வருத்தம், இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது சிறுமிக்கு வந்ததும் குறைந்துவிட்டது. எண்ணிக்கை உணர்ச்சியை நனைத்து அணைத்துவிடுகிறது.

பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதைத் தொட்டார். சீனாவை ஒரு பூகம்பம் விழுங்கிவிட்டதாகக் கேட்கும் ஐரோப்பியன் கொஞ்சம் வருந்திவிட்டு நிம்மதியாகக் குறட்டை விடுவான். நாளை தன் சுண்டுவிரல் போகப்போகிறது என்றால் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டான். ஆனால் அந்த விரலைக் காப்பாற்ற அத்தனை கோடிப் பேரைப் பலி கொடுப்பானா என்று கேட்டால் பதறுவான். அந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது? இரக்கத்திலிருந்து இல்லை, இரக்கம்தான் தூங்கிவிட்டதே. நீ கூட்டத்தில் ஒருவன்தான் என்று உள்ளிருந்து சொல்லும் குரலிலிருந்து என்றார் ஸ்மித்.

நம் தமிழில் இதைப் பற்றி ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, அதுவும் இந்த மலையிலேயே. பேகனைத்தான் சொல்கிறேன். பொதினி என்ற பழனியை ஆண்ட ஆவியர் தலைவன். மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணிப் போர்வையைக் கொடுத்தவன் என்று பள்ளியில் படித்தோம். புறநானூற்றில் பரணர், மயில் அதை உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தும் கொடுத்தான் என்கிறார். அடுத்த பாட்டில், வறண்ட குளத்திலும் வயலிலும் பெய்வதோடு நில்லாமல் உவர் நிலத்திலும் பெய்யும் மழை போல என்கிறார். இப்படிக் கணக்குப் பார்க்காமல் கொடுப்பதற்கு அவர் வைக்கும் பெயர் கொடைமடம். மடம் என்றால் அறியாமை. ஆனாலும் அது புகழ்ச்சிதான்.

பள்ளியில் சொல்லிக்கொடுக்காத பாதி அதே நூலில் பக்கத்திலேயே இருக்கிறது. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியோடு இருந்தான் (சிலம்பின் கண்ணகி வேறு). அவள் அழுதுகொண்டிருக்கிறாள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவளுக்காக அவனிடம் பாடினார்கள். மயிலின் நடுக்கம் தெரிந்தவனுக்கு மனைவியின் அழுகை கேட்கவில்லை. கன்றுக்குக் கூடிய எங்கள் ஊர் மாதிரி.

பரணர் எப்படிக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். அவனைத் திட்டவில்லை, நீதியும் போதிக்கவில்லை. மயில் நடுங்கும் என்று அருளிப் போர்வை கொடுத்த பேகனே, என்று கூப்பிட்டுத் தொடங்குகிறார். "பசித்தும் வாரேம், பாரமும் இலமே": எங்களுக்குப் பசி இல்லை, சுமக்கக் குடும்ப பாரமும் இல்லை. நாங்கள் கேட்கும் பரிசில் ஒன்றுதான், இந்த இரவே தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர். அவனிடம் இல்லாத உணர்ச்சியை அவர் புதிதாக ஊட்டப் பார்க்கவில்லை. இருக்கிற உணர்ச்சியைக் காட்டி, இது ஏன் அங்கே வரை போகவில்லை என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் அறிவின் வேலை என்று நான் நினைக்கிறேன். ஸ்மித்தைவிட பரணர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கிறது. தேரின் மணிச் சத்தம்கூட அந்தப் பாட்டில் இருக்கிறது.

குறளிலும் பாருங்கள். "அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை." பிறர் நோயைத் தன் நோயாகக் கருதாவிட்டால் அறிவால் என்ன பயன்? இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம், "கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்திவ் வுலகு" என்று, இரக்கத்தில் கடமை கெட்டுவிடக் கூடாது என்கிறார். கண்ணோட்டம் என்றால் அவருக்கு இரக்கம். நமக்கு இன்று பார்வைக் கோணம். ஒரே சொல் உணர்ச்சியிலிருந்து அறிவுக்கு நடந்து வந்திருக்கிறது.

கோபம் மட்டும் கெட்டதுதானே?

அரிஸ்டாட்டில் அப்படிச் சொல்லவில்லை. சரியான ஆளிடம், சரியான காரணத்துக்கு, சரியான அளவில், சரியான நேரத்தில் கோபப்படுகிறவனைப் பாராட்டுகிறார். காட்டுக்குள் பாட்டிலை உடைத்துப் போடும் சுற்றுலாக்காரர்களிடம் எனக்கு முதல் மூன்றும் வந்துவிடும். நான்காவது வருவதற்குள் அவர்கள் வண்டி ஏறிவிடுகிறார்கள்.

அந்த பீன்ஸ் பாட்டி என்ன ஆனாள்?

இதைக் கேட்டது எங்கள் மலைவாழை வியாபாரி, போன மாதம். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வருடமாக அவளை உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் போனேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது, பேரனுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேனாம். அந்த நஷ்டத்துக்கு இழப்பீட்டு மனு யாரும் எழுதித் தரவில்லை. இனிமேல் அதற்குக் கொடுப்பார்களா என்று விசாரிக்க வேண்டும். ஆனால் இந்தப் போகத்திலும் மாடு இறங்கியிருந்தது. அதற்கு மனு எழுதினோம். மிதிபட்ட பாத்திகளைக் கண்டக்டர் வந்து போட்டோ எடுத்தார். பாட்டி கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்வி, அந்தக் கன்று இப்போது எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்பதுதான்.